அவசரப்பட்டுச் செலுத்திய ஸ்தோத்திரம்

முதன்முதலில் எனக்குத் தகராறு கொடுத்தது ஒரு முக்கோணம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இரண்டாவது பீரியட், ஒன்பதாம் வகுப்புக்கு வடிவியல். கரும்பலகையில் படம் வரைந்துவிட்டு, பெண்கள் எழுதிக்கொள்கிறார்களா என்று ஒரு சுற்றுப் பார்த்துத் திரும்பினால், அங்கே இரண்டு முக்கோணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தன. நான் வரைந்தது ஒன்றுதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் அதிகப்படியாக இருந்ததை அழிக்கப் போனேன். இல்லாததைத் துடைக்கப்போய் இருந்ததைத் துடைத்துவிட்டேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். மாலையில் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோது இடது கண்ணிமை பாதிக்கு இறங்கியிருந்தது.

இது நடந்தது அறுபதுகளின் பிற்பகுதியில். தாம்பரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். வயது முப்பத்திரண்டு. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி வாடகை வீடு. என் கணவருக்குப் பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை. காலையில் மின்சார ரயிலைப் பிடித்துப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

உடம்பைப் பற்றி அதுவரை நான் பெரிதாக யோசித்ததே இல்லை. சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான். காய்ச்சலோடு பரீட்சைப் பேப்பர் திருத்தியிருக்கிறேன். அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அடுத்த ஆறு மாதம் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண் டாக்டர் கண்ணாடி எழுதிக்கொடுத்தார். அதைப் போட்டதும் மங்கலாகத் தெரிந்த இரண்டு உருவங்கள் தெளிவான இரண்டு உருவங்களாகத் தெரிந்தன. தாம்பரத்தில் எங்கள் குடும்ப டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் கொடுத்தார். சிட்லபாக்கத்திலிருந்து என் நாத்தனார் வந்து, குழந்தை இல்லாத ஏக்கம்தான் இப்படிக் காட்டுகிறது என்றார். ஏக்கம் வந்தால் ஒரு கண்ணில் மட்டும் வருமா என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அப்போது விழுங்க முடிந்தது.

பிறகு கை. தலை வாரும்போது பாதியிலேயே கை கீழே இறங்கிவிடும். பிறகு வாய். சாயங்காலம் ஆனால் இட்லியைக்கூட மென்று முடிக்க முடியாமல் தாடையைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருநாள் என் கணவர் ஆபீஸ் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார்.

"ஏன் கிரேஸ் முறைக்கிறே? நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?"

"முறைக்கலைங்க. சிரிச்சேன்."

என் சிரிப்பு முகத்துக்கு வந்து சேரவில்லை என்று தெரிந்த அந்த மாலையில்தான் நான் உண்மையாகப் பயந்தேன்.

நோயைச் சரியாகக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், எங்களுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலை என்றுதான் சொல்வேன். கோவளத்திலிருந்து கூடையோடு பஸ்ஸில் வருவாள். சனிக்கிழமை காலையில் வருவாள். வாரத்தின் நடுவில் ஒருநாள், நான் பள்ளி விட்டு வந்தபின், மிச்ச மீனோடு வருவாள். ஒரு புதன்கிழமை கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, சனிக்கெழம காலீல வந்தா மூஞ்சி பளிச்சுனு கீது. சாயங்காலத்துல வந்தா அப்டியே தொங்கிப்போயி கீது. காலீல ஒரு ஆளு, சாயங்காலம் ஒரு ஆளா கீறியே. டாக்டராண்ட இத்த சொன்னியா?"

சொல்லவில்லை. எனக்கே தோன்றவில்லை. பிள்ளைகளுக்கு வரைபடம் போடச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு, தன் முகம் நேரத்தோடு சேர்ந்து இறங்குகிறது என்று தெரியவில்லை. அன்றே ஒரு கட்டம்போட்ட தாளை எடுத்தேன். ஒரு வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இமை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குறித்தேன். காலையில் உச்சியில் இருந்த கோடு சாயங்காலம் தரைக்கு வந்தது. மதியம் அரைமணி படுத்து எழுந்த நாட்களில் மட்டும் நடுவில் ஒரு சின்ன மேடு. எங்கள் டாக்டர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். டானிக்கைப் பற்றிப் பேசாமல், பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு மருத்துவம் பார்க்கும் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அந்த டாக்டர் ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். என் தாளைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுலேருந்து நூறுவரைக்கும் சத்தமா எண்ணுங்கம்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பதுவரை குரல் நன்றாக இருந்தது. ஐம்பதில் மூக்கால் பேச ஆரம்பித்தேன். அறுபதைத் தாண்டியதும் நான் சொல்வது எனக்கே புரியவில்லை.

ஓர் ஊசி போட்டார். வயிறு பிசைந்தது, வாயில் எச்சில் ஊறியது. கால்மணி நேரம் ஆகியிருக்கும்.

"கிரேஸ், உன் கண்ணு!" என்றார் என் கணவர்.

இமை ஏறியிருந்தது. டாக்டர் மறுபடி எண்ணச் சொன்னார். நூறுவரை எண்ணினேன். நூற்றொன்று, நூற்றிரண்டு என்று நிறுத்த மனமில்லாமல் போய்க்கொண்டே இருந்தேன். என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

மையஸ்தீனியா கிராவிஸ் (நரம்பு இடும் உத்தரவு தசைக்குச் சரியாகப் போய்ச் சேராததால், பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை ஓய்ந்துபோகும் நோய், ஓய்வு கொடுத்தால் பலம் ஓரளவு திரும்பும்) என்று டாக்டர் எழுதிக் காட்டினார்.

"இது குணமாக்குற மருந்து இல்ல சார். முட்டுக்கொடுக்குற மருந்து. மூணு நாலு மணி நேரம் தாங்கும். அப்புறம் அடுத்த மாத்திரை. ஒரு நாளைக்கு அஞ்சு வேளை."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?" என்று கேட்டேன்.

"தேதி போட்டுச் சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்களா நிறுத்தக் கூடாது. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க."

எனக்குக் கேட்டது. என் கணவருக்கு, என் இமை ஏறிய பிறகு சொன்ன எதுவும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் சபையின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன் போதகர் இரண்டு பட்டியல் வாசிப்பார். ஒன்று விண்ணப்பம்: நோயாளிகள், வேலை தேடுகிறவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள். மற்றது ஸ்தோத்திரம், அதாவது கடவுளுக்கு நன்றி: பிறந்தநாள், திருமணநாள், பாஸானது, சுகமானது. ஒரு காகிதத்தில் காரணத்தை எழுதிக் காணிக்கை உறையோடு கொடுத்தால் பெயரோடு வாசிப்பார்கள். ஆறு மாதமாக என் பெயர் முதல் பட்டியலில் இருந்தது. ஊசி போட்ட அடுத்த ஞாயிறு, எனக்குச் சொல்லாமலேயே, என் கணவர் அதை இரண்டாவது பட்டியலுக்கு மாற்றிவிட்டார். 'சகோதரி கிரேஸ் பூரண சுகம் பெற்றதற்காக' என்று போதகர் வாசித்தார்.

சபையே திரும்பிப் பார்த்தது. அப்போது மாத்திரை வேலை செய்துகொண்டிருந்த நேரம், நான் நன்றாகச் சிரித்தேன். வெளியே வந்ததும் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். என் நாத்தனார் அழுதார். என் கணவரின் முகத்தை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க யாருக்கு மனம் வரும்?

முதல் பட்டியலிலிருந்து இரண்டாவதற்குப் போகலாம். இரண்டாவதிலிருந்து முதலுக்குத் திரும்பி வந்தவர்களை நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு விதி கிடையாது. யாரும் வருவதில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் நான் கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்தபோது பக்கத்திலிருந்த அம்மாள், "இன்னுமா மாத்திரை?" என்றார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் எனக்கு உடம்பு கூசியது. அன்றிலிருந்து மறைத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். பிறகு ஐந்து வேளையை மூன்றாக்கினேன். பிறகு ஒன்றாக்கினேன். இந்த நோய் தானாகவே சில வாரம் அடங்கி, சில வாரம் எழும்பும் என்று எனக்குத் தெரியாது. அது அடங்கியிருந்த வாரங்களில் நான் மாத்திரையை அடியோடு நிறுத்தினேன். கணவரிடம் சொன்னேன். "நீ சுகமாயிருவேன்னு எனக்குத் தெரியும் கிரேஸ்" என்றார். அவருக்கும் ஒன்றும் தெரியாது. படித்தவர்கள் இருவர் சேர்ந்து செய்த முட்டாள்தனம் இது. இதை எழுதுவதே இதற்காகத்தான்.

அறுப்பின் பண்டிகை ஞாயிறு. ஆராதனை முடிந்து சபையார் எல்லோரும் பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். காலையிலிருந்தே குரல் கம்மியிருந்தது. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். நாலாவது கவளத்தில் சோறு உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. தண்ணீர் குடித்தேன். அது மூக்கு வழியாக வந்தது. "ஏங்க" என்று கூப்பிட்டேன். வெறும் காற்றுத்தான் வந்தது. தலை நிற்காமல் மார்பில் சாய்ந்தது. எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. யாரோ என் வாயில் விரலை விட்டுச் சோற்றை எடுத்ததும், யாரோ ஜெபிக்க ஆரம்பித்ததும், என் கணவர் "கார், கார்" என்று கத்தியதும். சபை மூப்பர் ஒருவரின் காரில் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். மூச்சை ஒவ்வொன்றாக இழுக்க வேண்டியிருந்தது. அடுத்தது வருமா என்று ஒவ்வொரு முறையும் சந்தேகம்.

அதே ஒல்லி டாக்டர்தான் வந்தார். ஊசிகள், ஆக்சிஜன், மூக்குக் குழாய் (விழுங்க முடியாதவர்களுக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குக் கஞ்சி செலுத்தும் மெல்லிய குழாய்). மூன்றாம் நாள் கண்ணைத் திறந்துவைத்துக்கொள்ள முடிந்ததும், "ஏம்மா நிறுத்துனீங்க?" என்று கேட்டார். பேச்சு வரவில்லை. நர்சிடம் தாள் வாங்கிக் கோணலாக எழுதினேன்: 'சுகமாகிவிட்டது என்று சபையில் ஸ்தோத்திரம் செலுத்திவிட்டோம்.'

அவர் இரண்டு தடவை வாசித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஸ்தோத்திரம் பண்ணதுல தப்பே இல்லம்மா. நான்கூடத்தான் ஒவ்வொரு நாளும் சாமிக்கு நன்றி சொல்றேன். மாத்திரைய நிறுத்துனதுதான் தப்பு. இன்னும் ஒரு மணி நேரம் லேட்டா வந்திருந்தா, உங்க வீட்டுக்காரர் வேற மாதிரி ஜெபம் பண்ணியிருக்கணும்."

மூன்று வாரம் அங்கே இருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மனதைத் திடப்படுத்திக்கொள் என்றார்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த திடம் பல்லைக் கடித்துக்கொள்வது. அதற்கும் தசை வேண்டும். எனக்குக் கோபம் இருந்தது. கணவர்மேல், அந்த உறையின்மேல், கடவுள்மேல்கூட. ஆனால் கோபப்பட்டாலும் மூச்சு வாங்கியது, அழுதாலும் மூச்சு வாங்கியது. வேறு வழியில்லாமல் சும்மா படுத்திருந்தேன். அரைமணி சும்மா படுத்திருந்தால் கழுத்தை ஒரு விரல்கடை உயர்த்த முடிந்தது. முயற்சி செய்தபோது வராத பலம், விட்டபோது கொஞ்சம் வந்தது. என் வாழ்க்கையில் யாரும் எனக்குச் சொல்லித்தராத கணக்கு இது. முப்பத்திரண்டு வருடம் நான் நேர்மாறாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் அங்கேதான் புரிந்தது. சில பிள்ளைகள் தப்பான விடையை அழகான கையெழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருப்பார்கள். கோடு போட்டுவிட்டதால் அதை அடிக்க மனம் வராது. மேலே உள்ள வரிகளை எல்லாம் விடைக்குத் தகுந்தபடி திருத்த ஆரம்பிப்பார்கள். நானும் என் உடம்பை 'பூரண சுகம்' என்ற அந்த ஒரு வரிக்குத் தகுந்தபடி திருத்திக்கொண்டிருந்தேன். முதலில் அந்த வரியை அடிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும், சபையில் வாசித்ததைத் திருத்தி வாசிக்கச் சொல்ல வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். கை தூக்க முடியாததால் அவர்தான் பின்னல் போடக் கற்றுக்கொண்டிருந்தார். எப்போதும் இடப்பக்கம் கோணிக்கொள்ளும்.

"சிரிப்பாங்க கிரேஸ்."

"சிரிக்கட்டுங்க. அவங்களுக்காவது முகத்துல வருது."

அவர் பின்னலை நிறுத்திவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பின்னால் திரும்பிப் பார்க்க என் கழுத்துக்குத் தெம்பில்லை.

அந்த வாரம் போதகர் வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். நான் எழுதிவைத்திருந்ததைக் கொடுத்தேன். 'சகோதரி கிரேஸ் பூரண சுகம் பெற்றதாகச் சொன்னது சரியல்ல. அவருக்கு நோய் இருக்கிறது. தினமும் ஐந்து வேளை மாத்திரையால் விழுங்கவும் பேசவும் நடக்கவும் முடிகிறது. அதற்காக ஸ்தோத்திரம். அது தொடர்ந்து நடக்கும்படி விண்ணப்பம்.'

போதகர் நல்லவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார்.

"இதை எந்தப் பட்டியல்ல வாசிக்கிறதும்மா?"

"ரெண்டுலயும் ஐயா."

"அப்படி வழக்கம் இல்லையே. ஜனங்க குழம்பிருவாங்க. பலவீனமானவங்க விசுவாசம் ஆட்டம் கண்டுரும்." அவர் என் கணவரைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

இல்லை என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"ஐயா, முதல்ல எழுதிக் குடுத்தது நான்தான். இவளுக்கு நல்லாயிருச்சுன்னு நான் நம்பணும்னு இருந்தது, அதுக்காக எழுதினேன். இவ மாத்திரைய நிறுத்தினப்போ சந்தோஷப்பட்டேன். அன்னைக்கு கார்ல இவ தலை என் மடியில இருந்தது. மூச்சு இருக்கான்னு மூக்குல விரல வச்சுப் பாத்துக்கிட்டே போனேன். இதை வாசிங்க ஐயா. என் பேரையும் சேர்த்து வாசிங்க."

அந்த ஞாயிறு போதகர் வாசித்தார். வாசித்து முடித்ததும் வழக்கமாக வரும் 'ஆமென்' வரவில்லை. சபை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது. பிறகு எங்கிருந்தோ ஒன்றிரண்டு குரல் கேட்டது. சிலர் அன்று எங்களிடம் பேசாமல் போனார்கள். என் நாத்தனார் ஒரு மாதம் வரவில்லை. நான் பொய் சொல்லப்போவதில்லை, அது வலித்தது.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, சபையில் எல்லோரும் மதிக்கும் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்துவிட்டு வெகுநேரம் கேம்ப் ரோட்டில் ஓடும் புது பஸ்ஸைப் பற்றிப் பேசினார். எழுந்து போகும்போதுதான் வாசலில் நின்று சொன்னார்.

"எனக்கு வலிப்பு சுகமாச்சுன்னு நான் ஸ்தோத்திரம் பண்ணி ஒம்பது வருஷம் ஆச்சு டீச்சர். இன்னும் வருது. வீட்டம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. டாக்டர்கிட்டயும் போறதில்ல. உங்க டாக்டர் என்னைக்குப் பாக்குறார்?"

எந்தக் கிழமை என்று எழுதிக்கொடுத்தேன். என் கணவரே கூட்டிக்கொண்டு போனார்.

இப்போது ஏறக்குறைய பத்து வருடமாகிறது. நோய் போகவில்லை. இரண்டு முறை மறுபடி ஆஸ்பத்திரியில் படுத்தேன். பள்ளியில் இன்னும் வேலை பார்க்கிறேன். தலைமையாசிரியை கடினமான வகுப்புகளைக் காலைக்கு மாற்றிக்கொடுத்தார். உங்களுக்கும் இந்த நோய் என்றால், எனக்கு உதவியதைச் சொல்கிறேன். சாப்பாட்டுக்கு முக்கால் மணி முன்னதாக மாத்திரை போடுங்கள். முக்கியமானதைக் காலையில் பேசிவிடுங்கள். களைப்பு வருவதற்கு முன்பே படுத்துவிடுங்கள், வந்த பிறகு அல்ல. யார் கேட்டாலும் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். சொல்லும்போது கூசும். பத்தாவது தடவை கூசாது.

முன்பெல்லாம் எத்தனை வருடத்தில் குணமாகும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது வருடங்களை எண்ணுவதில்லை. என் நாள் ஐந்து துண்டாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் தளர்ச்சியில் தொடங்கி, மெல்ல எழுந்து, உச்சிக்குப் போய், இறங்குகிறது. ஒரே நாளில் ஐந்து முறை நோயாளியாகிறேன், ஐந்து முறை தேறுகிறேன். உடம்பு சொன்னதைச் செய்யும் என்று நினைத்தவள், இப்போது அது சொல்வதைக் கேட்கிறேன். இதில் எனக்கு அவமானம் ஒன்றும் இல்லை. சில நாள் சந்தோஷமாகக்கூட இருக்கிறது.

இன்று சனிக்கிழமை. மாத்திரை போட்டு முக்கால் மணி ஆகிவிட்டது. உள்ளே அவர் தட்டு எடுத்துவைக்கிறார். தொண்டை தயாராக இருக்கிறது. சாப்பிடப் போகிறேன்.